ஹியூமிடிஃபையருக்கு முன்னால் ஹைக்ரோமீட்டர்

மார்கழி பிறந்ததும் எனக்கு வரும் போன்களில் பல இப்படித்தான் தொடங்கும்: "தொண்டை வறண்டு போகிறது, மூக்கு எரிகிறது. நல்ல ஹியூமிடிஃபையர் ஒன்று சொல்லுங்கள்." காற்றில் ஈரம் சேர்க்கும் கருவி அது. தில்லியில் ஏசி, ஹீட்டிங் வேலை பார்ப்பவன் நான்.

போன டிசம்பரில் மயூர் விஹாரிலிருந்து ஒரு மாமி கூப்பிட்டார். மகள் இருப்பது சிகாகோவில். அங்கே வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸோடு ஒரு ஹியூமிடிஃபையரைப் பொருத்தியிருக்கிறார்கள். பேரனுக்கு மூக்கில் ரத்தம் வருவது அதன்பிறகு நின்றுவிட்டதாம். "அதே மாதிரி வீடு முழுக்க வர்றதா ஒண்ணு இங்கேயும் போட்டுடுப்பா" என்றார்.

சிகாகோவில் அது தேவைதான். வெளியே மைனஸ் 10 டிகிரி என்றால் காற்றில் நீராவியே சொற்பம். நீராவி அதே அளவில் இருக்க, காற்று சூடாகச் சூடாக ஈரப்பதச் சதவீதம் குறையும்; 22 டிகிரிக்குச் சூடாக்கினால் 10 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிடும். அதனால் ஃபர்னஸின் காற்றுக் குழாயிலேயே (டக்ட்) தண்ணீர் இணைப்பு கொடுத்து, நனைந்த பேட் வழியாகச் சூடான காற்றை அனுப்புகிறார்கள். அங்கேயும் குளிர் கடுமையாகும் நாட்களில் அளவைக் குறைத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஜன்னல் கண்ணாடியில் நீர் கோத்துப் பூஞ்சை பிடிக்கும்.

தில்லிக் குளிர் வேறு மாதிரி. பனிமூட்டமான விடியலில் 8 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்றை 22 டிகிரிக்குச் சூடாக்கினாலும் 36 சதவீதம் மிஞ்சும். வீட்டுக்குள் 30 முதல் 50 வரை இருந்தால் போதும். அப்புறம் நம் சமையலும், உள்ளே காயும் துணியும் வேறு ஈரம் சேர்க்கின்றன.

மாமியிடம் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், ஈரப்பதத்தை அளக்கும் ஹைக்ரோமீட்டர் ஒன்றை வாங்கி வைக்கச் சொன்னேன். கூடத்தில் 44 காட்டியது. படுக்கையறையில் இரவில் 28. காரணம் அதே கருவியில் தெரிந்தது: அறை வெப்பம் 27 டிகிரி! ப்ளோயர் ஹீட்டர் கட்டிலைப் பார்த்தபடி விடிய விடிய ஓடியிருக்கிறது. அதைத் திருப்பி வைத்து, 20 டிகிரிக்குக் குறைத்து, கம்பளி போர்த்திக்கொள்ளச் சொன்னேன். மறுநாள் இரவு 40. ஹியூமிடிஃபையர் எதுவும் வாங்கவில்லை.

அளந்து பார்த்தும் தொடர்ந்து 30-க்குக் கீழே இருந்தால் படுக்கையறைக்கு மட்டும் ஒரு ஹியூமிடிஃபையர் வாங்குங்கள். விசிறியும் ஈரத் திரியும் கொண்ட வகைதான் என் தேர்வு. கொஞ்சம் சத்தம் போடும், பரவாயில்லை. புகை போல விடும் அல்ட்ராசோனிக் வகை, தண்ணீரில் உள்ள உப்பையும் சேர்த்தே காற்றில் தூவும். போர்வெல் தண்ணீரை ஊற்றினால் மேசையெல்லாம் வெள்ளைப் பொடி படியும், பக்கத்தில் ஏர் ப்யூரிஃபையர் இருந்தால் அது காட்டும் தூசு அளவு எகிறும். ஏற்கெனவே இந்த ஊர்க் காற்று எப்படி என்று உங்களுக்கே தெரியும். அல்ட்ராசோனிக்தான் வைத்திருக்கிறீர்கள் என்றால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள்.

எந்த வகையானாலும் பழைய தண்ணீரைத் தினமும் கொட்டிவிட்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை தேய்த்துக் கழுவ வேண்டும். கிருமிநாசினி எதையும் தொட்டியில் கலக்காதீர்கள். தென் கொரியாவில் அப்படிக் கலப்பதற்கென்றே விற்ற திரவங்களால் நுரையீரல் கெட்டுப் பலர் இறந்தது 2011-ல்தான் வெளியே தெரிந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாமி வீட்டிலிருந்து இறங்கும்போது வாட்ச்மேன் அறையில் அங்கீட்டி, அதாவது கரியடுப்பு, எரிந்துகொண்டிருந்தது. கதவு சாத்தியிருந்தது, பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர். தண்ணீர் வைத்தால் ஆபத்தில்லை என்று அவர் நம்பியிருந்தார். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. எவ்வளவு தண்ணீர் வைத்தாலும் அது போகாது. தூங்கியபடியே உயிர் போய்விடும். கதவைத் திறந்து அங்கீட்டியை வெளியே எடுத்து வைத்துவிட்டு, மாமிக்குப் போன் செய்தேன். ஹியூமிடிஃபையருக்கென்று எடுத்து வைத்திருந்த பணத்தில் அன்று மாலையே அந்த அறைக்கு ஒரு ஆயில் ஹீட்டர் வந்தது.