பார்லி ஒயின்: பீருக்கு எதற்கு ஒயின் என்று பெயர்?

சிறிய பீர் ஆலைகளைச் சுற்றிக் காட்டுகிறவர்கள் கடைசியில் சுவை பார்க்க உட்காரவைப்பார்கள். நான் போயிருந்த இடத்தில் ஒரு மரப்பலகையில் ஐந்து கிளாஸ் வந்தது. இலேசானது இடப்பக்கம், கடுமையானது வலப்பக்கம். முதல் நான்கும் சாதாரண கிளாஸ். ஐந்தாவது மட்டும் பிராந்திக்கு வைப்பதுபோல் வயிறு பருத்து, வாய் குறுகிய சின்னக் கிளாஸ். அதிலும் பாதிக்குக் கீழேதான் ஊற்றியிருந்தார்கள். நுரை பேருக்கு ஒரு வளையம். நிறம், கறுத்துப்போன தேன். எதிரே கரும்பலகையில் 'பார்லி ஒயின்' என்று எழுதியிருந்தது. பக்கத்தில் இருந்தவர் "நான் ஒயின் கேட்கவே இல்லையே" என்று திருப்பிக் கொடுக்கப் பார்த்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, பெயர் அப்படி.

பார்லி ஒயின் என்பது பீர்தான். அதில் திராட்சை துளியும் கிடையாது. சாதாரண லாகர் பீரில் மதுச்சாரம் 4 முதல் 5 சதவீதம் இருக்கும். இதில் பெரும்பாலும் 8 முதல் 12 சதவீதம், அதாவது ஏறக்குறைய ஒயின் அளவு. பெயருக்கு முதல் காரணம் அதுதான்.

அவ்வளவு வீரியம் எங்கிருந்து வருகிறது? முளைகட்டி உலர்த்திய பார்லியை, அதாவது மால்ட்டை, நொறுக்கி வெந்நீரில் ஊறவைப்பார்கள். சுற்றிக் காட்டியவர் ஒரு பிடி மால்ட்டை எங்கள் கையில் கொட்டி மென்று பார்க்கச் சொன்னார். மொறுமொறுப்பாக இருந்தது, மெல்ல மெல்ல இனித்தது. அந்த இனிப்புதான் வெந்நீரில் இறங்குகிறது. முதலில் வடியும் நீர் கெட்டியாக, பிசுக்கென்று இருக்கும். அதே தானியத்தில் மறுபடி வெந்நீர் விட்டு வடித்தால் நீர்த்துப்போயிருக்கும். பழைய இங்கிலாந்தில் முதல் வடிப்பைக் கடும் பீருக்கும், பின் வடிப்பைச் 'சின்ன பீர்' என்ற இலேசான பானத்துக்கும் பிரித்துவைத்தார்கள். பார்லி ஒயின் அந்த முதல் வடிப்பின் வாரிசு. சர்க்கரை இவ்வளவு அடர்த்தியாக இருந்தால் ஈஸ்ட் திணறும். நொதித்து முடிய நாளாகும். முடிந்த பிறகும் காரம் அடங்க மாதக்கணக்கில் விட்டுவைப்பார்கள். புட்டியில் ஆண்டைக் குறித்துச் சில வருடம் பத்திரப்படுத்துகிறவர்களும் உண்டு. ஒயினைப் போல வயதாக ஆகச் சுவை மாறுவது இரண்டாவது காரணம்.

சரி, சொல்லுக்கு வருவோம். பார்லிக்குப் பழைய ஆங்கிலத்தில் 'பெரெ' என்று பெயர். தானியக் களஞ்சியத்தைக் குறிக்கும் 'பார்ன்' என்ற சொல்லும் 'பார்லி வீடு' என்பதன் சுருக்கம்தான். ஒயின், லத்தீனின் 'வீனும்' வழி வந்தது. இரண்டையும் சேர்த்துச் சொல்வது ஆங்கிலேயர் கண்டுபிடிப்பு அல்ல. கி.மு. 401இல் பாரசீகத்திலிருந்து திரும்பிய கிரேக்கப் படையோடு ஆர்மீனிய மலைக் கிராமங்களில் தங்கிய செனபன், அங்கே குடித்ததைப் 'பார்லி ஒயின்' என்றே எழுதிவைத்திருக்கிறார். பெரிய பாத்திரத்தில் பார்லி மணிகள் விளிம்பு வரை மிதக்குமாம். கணு இல்லாத நாணலை வாயில் வைத்து உறிஞ்ச வேண்டுமாம். தண்ணீர் கலக்காவிட்டால் ரொம்பக் கடுமை, பழகியவர்களுக்கு இனிமை என்கிறார். ஒயின் நாட்டுக்காரர் பீரைப் பார்த்தால் வேறு எந்தச் சொல் வாயில் வரும்?

நவீன காலத்தில் இங்கிலாந்தின் பர்ட்டன் நகரில் இருந்த பாஸ் நிறுவனம் தன் 'நம்பர் 1' ஏல் பீரை இந்தப் பெயரில் விற்றது. ஏல் என்பதும் ஒரு பீர் வகைதான். அமெரிக்காவில் ஆங்கர் ஆலை 1975இல் இந்த வகையைக் காய்ச்சத் தொடங்கியது. அங்கே லேபிளில் 'பார்லி ஒயின் ஸ்டைல் ஏல்' என்று வால் சேர்த்துப் போடுவது வழக்கமானது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் குழப்பம் அரசாங்கத்துக்கும் வரக்கூடாதல்லவா!

தமிழில் என்ன சொல்வது? 'பார்லி திராட்சை மது' என்றால் சிரிப்பார்கள். 'பார்லிச் சாராயம்' தவறு. சாராயம் ஆவியாக்கி வடிப்பது, பீர் நொதிக்கவைப்பதோடு சரி. 'பார்லிக் கள்' என்றால் இன்றைய காதுக்குப் பனையும் தென்னையும்தான் கேட்கும்.

பழைய இலக்கியத்தில் தேடினால் நல்ல சரக்கு கிடைக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற தட்டில் ஆறவிட்டு, முளையரைத்த அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் வைத்து, விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். அப்பட்டமான பீர்ப் பக்குவம். வீட்டிலேயே சமைக்கும் தோப்பி என்ற கள்ளும் அந்த நூலில் வருகிறது. ஆகவே பொதுவாகப் பீருக்குத் 'தோப்பி' என்பது என் வாக்கு.

ஆனால் பார்லி ஒயினுக்கு அது போதாது. அதற்கு ஔவையார் புறநானூற்றின் 392ஆம் பாட்டில் வைத்திருக்கிறார்: 'தேட்கடுப்பு அன்ன நாட்படு தேறல்'. தேள் கொட்டினாற்போலக் கடுக்கும், நாள்பட்ட தேறல், அதாவது தெளிந்த மது. வீரியம், வயது இரண்டும் நாலு சொல்லில் அடங்கிவிட்டன. தேறல் திராட்சைக்கு மட்டும் உரியதும் அல்ல. நீண்ட மூங்கிலில் விளைந்த 'தேக்கள் தேறல்', அதாவது தேனால் செய்த கள்ளின் தெளிவு, திருமுருகாற்றுப்படையில் வருகிறது. பீப்பாயில் ஊறவைக்கும் இன்றைய ஆலைக்காரர்கள் கேட்டால் சந்தோஷப்படுவார்கள். பார்லிக்கு 'வாற்கோதுமை' என்ற பெயர் இருக்கிறது. கதிரில் வால்போல நீளும் கூர்முடியால் வந்தது. 'வாற்கோதுமை நாட்படு தேறல்' முழுப் பெயர். பேச்சுக்கு 'நாட்படு தேறல்' போதும்.

தேறல் என்றால் தெளிந்தது, வடிகட்டாத புட்டிக்கு அது பொருந்துமா என்று கேட்கலாம். புட்டியில் வயதான பார்லி ஒயினை அசைக்காமல், மெதுவாகச் சாய்த்துத்தான் ஊற்றுவார்கள். கிளாஸில் விழுவது தேறல். அடியில் ஒரு விரற்கடை நிற்பது மண்டி.