அற்புதம்: ஒரு சொல்லுக்குள் இரண்டு பொருள்

கடவுள் அற்புதம் செய்கிறாரா இல்லையா என்று மணிக்கணக்கில் வாதாடுகிறவர்கள், அந்தச் சொல்லை எந்தப் பொருளில் பேசுகிறோம் என்று ஒருமுறைகூடக் கேட்டுக்கொள்வதில்லை. எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது, ஏனென்றால் அதற்குள் இரண்டு பொருள்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, ஒருவர் ஒன்றைச் சொல்ல மற்றவர் இன்னொன்றை மறுத்துக்கொண்டிருப்பார்.

முதலில் சொல்லின் பிறப்பு. அற்புதம் வடசொல்தான், மூலம் ‘அத்புத’. தமிழ்ச் சொல்லுக்குள் த் என்ற மெய்க்குப் பின்னால் ப வந்து நிற்காது, ஆனால் ட், ற், ல், ள் இந்த நான்குக்குப் பின்னால் க, ச, ப வரலாம் என்று தொல்காப்பியம் இடம் கொடுக்கிறது. அதனால் த் போய் ற் வந்தது. உற்சாகம், உற்பத்தி, உற்சவம் எல்லாம் இதே வழியில் தமிழுக்குள் வந்தவை.

வடமொழி நாடக இலக்கணத்தில் அற்புதம் எட்டுச் சுவைகளில், அதாவது நாடகம் பார்க்கிறவருக்குள் எழுப்பும் உணர்வுகளில், ஒன்று. அங்கே அது பார்க்கிறவருக்கு உண்டாகும் வியப்பு, அவ்வளவுதான், இயற்கை விதி மீறப்பட்டதா என்ற கேள்வியே அதில் இல்லை. தொல்காப்பியம் தன் எட்டு மெய்ப்பாடுகளில் (உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளில்) இதற்கு இணையாக வைப்பது மருட்கை. அது எதிலிருந்து பிறக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறது: ‘புதுமை பெருமை சிறுமை ஆக்கமொடு மதிமை சாலா மருட்கை நான்கே.’ இதுவரை காணாதது, மிகப் பெரியது, மிகச் சிறியது, ஒன்று இன்னொன்றாக ஆவது. இந்த நான்கையும்விட என்னை நிறுத்திவைப்பது ‘மதிமை சாலா’ என்ற அடைமொழிதான், அறிவு போதாமல் போகிற இடத்தில் வருவது மருட்கை என்கிறது அது. அதாவது வியப்பின் இருப்பிடம் பார்க்கிறவரின் அறிவின் எல்லையில் இருக்கிறது.

கிட்டத்தட்ட இதையே கிறித்தவ இறையியலாளர் அகஸ்தீனும் சொன்னார் (அவர் காலம் 354 முதல் 430 வரை). அற்புதம் இயற்கைக்கு முரணானது அல்ல, இயற்கையைப் பற்றி நாம் அறிந்திருப்பதற்குத்தான் முரணானது என்றார். லத்தீனில் அற்புதத்தைக் குறிக்கும் ‘மிராக்குலும்’ என்ற சொல்லும் வியத்தல் என்ற வினையிலிருந்து வந்ததுதான்.

அப்புறம் இரண்டாவது பொருள் எப்போது முன்னுக்கு வந்தது? 1748இல் ஸ்காட்லாந்து மெய்யியலாளர் டேவிட் ஹியூம், அற்புதம் என்றால் இயற்கை விதியை மீறுவது என்று வரையறுத்தார். அற்புதத்துக்குச் சொல்லப்படும் சாட்சியம் பொய்யாக இருப்பதே அந்த அற்புதத்தைவிடப் பெரிய அற்புதம் என்றால் மட்டுமே நம்பலாம் என்பது அவர் வாதம். இன்றைக்கு நடக்கும் விவாதம் பெரும்பாலும் இந்த வரையறைக்குள்தான் சுற்றுகிறது, நம்புகிறவர்களும் அதையே ஏற்றுக்கொண்டு பேசுகிறார்கள். கடவுள் உலகில் தலையிடுகிறார் என்று அவர்கள் சொல்லும்போது வரும் ‘தலையிடுதல்’ என்ற சொல்லையும் இங்கே கவனிக்க வேண்டும். வெளியே இருக்கிற ஒருவர்தான் தலையிட முடியும், உலகம் தானாக ஓடுகிறது, கடவுள் எப்போதாவது உள்ளே கை வைக்கிறார் என்ற படம் அந்தச் சொல்லோடு சேர்ந்தே வந்துவிடுகிறது.

எல்லாச் சமயத்தாரும் அந்தப் படத்தை ஏற்றவர்கள் அல்ல. 1111இல் மறைந்த இஸ்லாமிய அறிஞர் இமாம் கஸ்ஸாலி ஒரு பஞ்சுத் துண்டை எடுத்துக்கொண்டார். தீயின் அருகே வைத்தால் பஞ்சு கறுத்துச் சாம்பலாகிறது. நாம் கண்டது என்ன? தீ பட்டபோது எரிந்தது என்பதைத்தான், தீயால் எரிந்தது என்பதை யாரும் கண்ணால் கண்டதில்லை. எரிப்பவன் இறைவனே என்றார் அவர். அப்படியானால் பஞ்சு எரிவதும் எரியாமல் கிடப்பதும் ஒரே கையின் செயல், தலையீடு என்ற பேச்சுக்கே இடமில்லை. அவருக்குப் பின் வந்த இஸ்லாமிய மெய்யியலாளர் இப்னு ருஷ்து இதைக் கடுமையாக மறுத்தார், பொருள்களுக்கு அவற்றுக்கான இயல்பு இல்லை என்றால் அறிவு என்று ஒன்றே இருக்க முடியாது என்று. எனக்கு இப்னு ருஷ்து பக்கமும் நியாயம் தெரிகிறது.

செங்கடல் பிரிந்த கதையையும் திரும்பப் படித்துப் பாருங்கள். விவிலியத்தின் யாத்திராகமம் 14ஆம் அதிகாரத்தில், இராமுழுவதும் பலத்த கீழ்க்காற்று அடித்துக் கடல் ஒதுங்கியதாக இருக்கிறது. நூலே காற்றைச் சொல்கிறது. அங்கே வியப்பு, அந்தக் காற்று அந்த இரவில் வந்ததில் இருக்கிறது. சரி, எல்லாவற்றையும் காற்று என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. இறந்தவர் எழுந்தார் என்று சொன்னால் ஹியூமின் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

தமிழில் எந்தச் சொல்லைப் போடுவது? உணர்ச்சியைச் சொல்ல வியப்பு போதும், மருட்கை இன்று மயக்கம் என்ற பக்கம் சாய்ந்துவிட்டது. நிகழ்ச்சியைச் சொல்ல அதிசயம் என்று போடுகிறவர்கள் உண்டு, ஆனால் அதுவும் வடசொல்தான். கத்தோலிக்கர் ‘புதுமை’ என்பார்கள், தொல்காப்பியம் மருட்கைக்குச் சொன்ன முதல் காரணமே அது. இஸ்லாமியர் நபிமார்களுடையதை முஃஜிஸா என்பார்கள், பிறரை இயலாமல் ஆக்குவது என்று பொருள், இறைநேசர்களுடையதை கராமத் என்று பிரித்துச் சொல்வார்கள். யோவான் நற்செய்தியின் கிரேக்க மூலத்தில் இருப்பது ‘செமெயோன்’, அதாவது அடையாளம். அதைத் திருவிவிலியம் ‘அரும் அடையாளம்’ என்று தமிழாக்கியிருக்கிறது. என் விருப்பம் இதுதான். விதி மீறப்பட்டதா என்று அது கேட்கவில்லை, எதைக் காட்டுவதற்காக நடந்தது என்று கேட்கிறது. அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத ஒரு நிகழ்ச்சி எவ்வளவு விசித்திரமாக இருந்தாலும் அதை நான் வியப்பு என்று மட்டுமே சொல்வேன்.