முகம் உடைந்தால் பல்வரிசைதான் அளவுகோல்

எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அரை ஹெல்மெட்டுடன் பைக் ஓட்டுகிறவரின் மண்டைக்குப் பாதுகாப்பு உண்டு, கண்ணுக்கும் மேல்பல்லுக்கும் இடைப்பட்ட நடுமுகத்துக்கு இல்லை. அங்கே எலும்பு பெரும்பாலும் மெல்லிய தகடுதான். மூக்கோரம், கன்னம், மேல்தாடையின் பின்புறம் ஆகிய இடங்களில் ஓடும் தடித்த தூண்களே கடிக்கும் விசையைத் தாங்குகின்றன. பிரெஞ்சு மருத்துவர் ரெனே லெ ஃபோர், சடலங்களில் சோதித்து, முறிவு ஓடும் மூன்று கோடுகளை 1901இல் விவரித்தார். முதல் வகையில் மேல்தாடை மட்டும் ஆடும், இரண்டாவதில் மூக்கும் சேர்ந்து ஆடும், மூன்றாவதில் முகமே மண்டையிலிருந்து பிரியும்.

ஸ்டான்லி போன்ற மருத்துவமனைக்கு 108இல் வந்து சேர்ந்ததும் முதல் கவலை மூச்சுப்பாதை. மூக்கில் தெளிந்த நீர் வடிந்தால் அது மூளைத் தண்டுவட நீராக இருக்கலாம், அப்போது மூக்கு வழியே குழாய் செருகக் கூடாது. கண் பார்வையைச் சோதித்து, 1 மி.மீ. துண்டுகளாக சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள். வீக்கம் வடியச் சில நாள் காத்திருக்கலாம். இரண்டு வாரம் தாண்டினால் எலும்பு தவறான இடத்திலேயே ஒட்டத் தொடங்கிவிடும்.

அறுவையில் முதலில் சரிசெய்வது எலும்பை அல்ல, பல் கடியை, அதாவது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தும் விதத்தை. இரு தாடைப் பற்களிலும் உலோகப் பட்டை வைத்து மெல்லிய எஃகுக் கம்பியால் கட்டுவார்கள். மேலுதட்டுக்குள் ஈறுக்கு மேலே சுமார் 5 மி.மீ. சதை விட்டுக் கீறுவார்கள், தையல் போட அந்தச் சதை வேண்டும். உள்ளே அழுந்திய மேல்தாடையை ரோ இடுக்கியால் பிடித்து, தடையின்றி நகரும்வரை அசைத்து இறக்குவார்கள். பிறகு கடியைப் பொருத்திக் கம்பியால் பூட்டி, தூண்களின் மேல் டைட்டானியம் பிளேட்டுகளை வைத்து 5 அல்லது 6 மி.மீ. ஸ்க்ரூக்களால் முடுக்குவார்கள். பிளேட்டை எலும்பின் வளைவுக்கே வளைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஸ்க்ரூ இறுக இறுக எலும்பு பிளேட்டின் பக்கம் இழுபடும்.

பெரிய தவறு நேர்வது இங்கேதான். மேல்தாடையை முழுக்க விடுவிக்காமல் கம்பியை இறுக்கினால் கீழ்தாடையின் மூட்டுமுனை தன் குழியிலிருந்து விலகிவிடும். கம்பி இருக்கும்வரை கடி சரியாகவே தெரியும். கம்பியை வெட்டியதும் மூட்டுமுனை குழிக்குத் திரும்பும், கடைவாய்ப் பற்கள் முதலில் முட்டும், முன்பற்களுக்கிடையே இடைவெளி விழும். ஆகவே தாடைக்கோணத்தை மேல்நோக்கித் தாங்கிப் பிடித்தே ஸ்க்ரூ போட வேண்டும். மேஜையிலேயே கம்பியை அவிழ்த்துக் கடியைப் பார்த்து, பிசகியிருந்தால் பிளேட்டைக் கழற்றி மறுபடி பொருத்த வேண்டும். அதற்காகும் நேரம் வீணல்ல.

கண்குழியின் தளம் பெரிதாக உடைந்திருந்தால் டைட்டானியம் வலை வைப்பார்கள், இல்லையேல் கண் உள்வாங்கும், பொருள்கள் இரண்டாகத் தெரியலாம். அறுவைக்குப் பின் கண் புடைத்து, வலி கூடி, பார்வை மங்கினால் கண்ணுக்குப் பின்னே இரத்தம் கட்டுகிறது என்று கொண்டு நர்ஸை உடனே கூப்பிட வேண்டும். சில வாரங்களுக்கு மூக்கைச் சிந்தக் கூடாது, காற்று கண்குழிக்குள் புகும். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மலாம், வாய் கம்பியால் கட்டியிருந்தாலும் உதடுகளைத் திறந்தே தும்ம வேண்டும். கஞ்சியும் கூழுமே உணவு. கன்னமும் மேலுதடும் மரத்துப்போயிருப்பது நரம்பு நசுங்கியதால், உணர்வு திரும்பப் பல மாதங்கள் ஆகலாம்.