பச்சை என்பது நிறம் மட்டுமா? ‘பசுமை இல்ல வாயு’ குறித்து ஒரு மறுப்பு

சுற்றுச்சூழல் பற்றிய செய்தி எதை எடுத்தாலும், உலகைச் சூடாக்கும் வாயுக்களைக் குறிக்க, ஆங்கிலத்தின் ‘கிரீன்ஹவுஸ் கேஸ்’ என்பதைப் பெயர்த்த ‘பசுமை இல்ல வாயுக்கள்’ என்ற தொடர் தவறாமல் வந்துவிடுகிறது. கரியமில வாயு, மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு, நீராவி ஆகிய எதற்கும் நிறம் கிடையாது. இவை எந்த இல்லத்திலிருந்தும் புறப்பட்டவையும் அல்ல. எழுத்தில் படிக்கும்போதாவது பொறுத்துக்கொள்ளலாம். செய்தி வாசிப்பில் காதால் கேட்கும்போது ‘பசுமை இல்ல’ என்பது பேச்சுத் தமிழின் ‘பசுமை இல்லை’ என்றே விழுகிறது. பசுமை இல்லாத வாயு என்று ஒருவர் புரிந்துகொண்டால் அவரைக் குறைசொல்ல முடியாது. சொல்லப்போனால் அந்தத் தவறான புரிதல்தான் உண்மைக்கு அருகில் இருக்கிறது. இத்தொடர் ஏன் கூடாது என்பதைச் சொல்வதற்கு முன், பச்சை என்ற சொல் தமிழில் எவற்றையெல்லாம் குறிக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

வேர் எளியது. பசு, பச்சு, பை, பாசு என்று பல வடிவங்களில் வரும் ஒரே திராவிட வேரிலிருந்து பசுமை, பச்சை, பசிய, பைங்கிளி, பாசி, பச்சிலை எல்லாம் கிளைக்கின்றன. பசுமை என்ற பண்புப்பெயர் பிற சொற்களோடு சேரும்போது இப்படி உருமாறுவதற்கான விதிகளை நன்னூல் ஒரே நூற்பாவில் அடக்கிவிடுகிறது: முதலெழுத்து நீண்டால் பாசடை, முதல் அகரம் ஐகாரமானால் பைந்தமிழ். பால் கறக்கும் பசு வடமொழியிலிருந்து வந்தது; அதற்கும் இதற்கும் உறவில்லை.

பொருள் அவ்வளவு எளியதாக இல்லை. திருக்குறளிலேயே இரு பொருள்களும் அருகருகே கிடைக்கின்றன. வான்சிறப்பில் மழைத்துளி விழாவிட்டால் ‘பசும்புல்’ தலையையும் காண்பதரிது என்கிறார் வள்ளுவர். இது நமக்குப் பழகிய நிறம். வினைத்தூய்மையில், தீய வழியில் பொருள் சேர்ப்பது ‘பசுமண்’ கலத்தில் நீரை ஊற்றி வைப்பது போன்றது என்கிறார். அந்த மண் பச்சை நிறமானதன்று. சூளையில் வேகாத மண். நீர் பட்டால் கரைந்துபோகும் என்பதில்தான் அந்த உவமையின் உயிர் இருக்கிறது. பசுமண்ணைப் ‘பச்சை நிற மண்’ என்று ஒருவர் பெயர்த்தால் குறள் பொருளற்றுப் போகும். செங்கல் அறுப்பவர்கள் இன்றும் இதே பொருளில்தான் பேசுகிறார்கள். அச்சிலிருந்து தட்டி எடுத்து, வரிசையாகக் காயவைத்து, சூளையில் இன்னும் அடுக்காத கல்லுக்குப் பெயர் பச்சைச் செங்கல். பச்சை, செம்மை என்ற இரண்டு நிறச்சொற்கள் ஒரே பெயரில் முட்டிக்கொள்ளாமல் நிற்கின்றன, ஏனென்றால் முதலாவது அங்கே நிறமே அன்று.

அன்றாடப் பேச்சில் இந்தப் பொருள்தான் வலுவாக ஓடுகிறது. பச்சைத் தண்ணீர் என்றால் கொதிக்க வைக்காத தண்ணீர். பச்சரிசி வெள்ளையாகவே இருக்கிறது. நெல்லைப் புழுக்காமல் குத்தியது என்பதே அதன் பெயருக்குக் காரணம். பச்சைக் கற்பூரமும் வெள்ளைதான். காய்ச்சாதது பச்சைப் பால், ஆறாதது பச்சைப் புண், பிள்ளை பெற்றவளின் தேறாத உடல் பச்சை உடம்பு, தலை நிற்காத சிசு பச்சைக் குழந்தை. வதக்கும்போது ‘பச்சை வாடை போகட்டும்’ என்று சொல்பவர் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. வேகாத, காயாத, ஆறாத, முதிராத என்று ஒவ்வொன்றையும் எதிர்மறையில் விளக்க வேண்டியிருப்பதைக் கவனிக்க வேண்டும்: இன்னும் எதுவும் செய்யப்படாத நிலையைத் தமிழ் ‘பச்சை’ என்ற உடன்பாட்டுச் சொல்லால் குறிக்கிறது. மேற்பூச்சு எதுவும் இல்லாத பொய்யைப் பச்சைப் பொய் என்பதும், மறைப்பின்றிப் பச்சை பச்சையாகத் திட்டுவதும் இதன் நீட்சியே.

இது தமிழுக்கு மட்டும் உரியதன்று. கன்னடத்தில் பகரம் ஹகரமாகி, ஹசிரு என்பது நிறத்தையும் ஹசி என்பது வேகாததையும் குறிக்கும். மலையாளத்தில் பச்சவெள்ளம் காய்ச்சாத நீர். தெலுங்கில் ‘பச்சி’ வேகாதது; ‘பச்ச’ மஞ்சளையும் குறிக்கும் என்பதால், இலையின் நிறத்தைத் தெளிவாகச் சொல்ல ‘ஆகுபச்ச’, அதாவது இலைப்பச்சை, என்று அடைகொடுத்துப் பேசுகிறார்கள். நாம் பசும்பொன் என்னும்போதும் மஞ்சள் நிறப் பொன்னைத்தான் சொல்கிறோம்.

மஞ்சள் சாயலுக்கு இன்னொரு சான்று, பிரிவால் மேனியில் படரும் பசலை. ‘பசப்பு நிறனாகும்’ என்று தொல்காப்பிய உரியியல் அதை நிறத்தின் கணக்கில் சேர்க்கிறது. ஊருண் கேணியில் கைபடும் இடமெல்லாம் விலகி, கையை எடுத்தவுடன் மூடிக்கொள்ளும் பாசியைப் போன்றது பசலை, காதலர் தொடத்தொட நீங்கி, விடவிடப் பரவும் என்று குறுந்தொகையில் பரணர் பாடும்போது, ஒரே வேரின் இரண்டு கிளைகளான பாசியும் பசலையும் ஒரே அடியில் வந்து சேர்கின்றன. இப்படி ஒரு மரபு இருக்கும்போது, ‘அவன் பொறாமையால் பச்சையானான்’ என்று ஆங்கிலத் தொடரை அப்படியே இறக்கிவைக்கும் மொழிபெயர்ப்பாளர் என்ன நினைத்து எழுதுகிறார் என்று தெரியவில்லை. தமிழில் பொறாமைப்படுபவனுக்கு வயிறு எரியும். மேனி பசப்பது பிரிவுத்துயரில்.

இக்காலத் தமிழ் இந்தக் குடும்பத்தைப் பாகம் பிரித்துவிட்டது. பச்சை வீட்டுச் சொல்லாகவும், பசுமை மேடைச் சொல்லாகவும் ஆகிவிட்டன. பசுமையான நினைவு, பசுமையான வயல் என்பன போல பசுமையில் எப்போதும் ஒரு நன்மைக் குறிப்பு இருக்கிறது. 1968-இல் அமெரிக்க அரசின் உதவித்திட்ட நிர்வாகி வில்லியம் காட், சோவியத்தின் சிவப்புப் புரட்சிக்கும் ஈரானின் வெண்மைப் புரட்சிக்கும் எதிராக ஒரு பெயர் வைத்தபோது, அதைப் பசுமைப் புரட்சி என்று தமிழாக்கியது பொருத்தமாகவே அமைந்தது. பேசப்பட்டது பயிர் அல்லவா! பைங்கூழ் என்று பயிரைச் சொன்ன மொழிக்கு அது இயல்பு. 2010-இல் தொடங்கிய பசுமைத் தீர்ப்பாயத்தையும் ஏற்கலாம். ஆனால் இவற்றோடு நிற்காமல், ஆங்கிலத்தில் ‘கிரீன்’ என்று கண்ட இடமெல்லாம் பசுமை ஒட்டப்பட்டது. பசுமைக் கட்டடம், பசுமைக் கடன், பசுமைப் பத்திரம் என்று நீளும் அந்த வரிசையின் உச்சம்தான் பசுமை இல்ல வாயு.

இத்தொடரின் முதல் குற்றம் இலக்கணம். ‘பசுமை இல்ல வாயு’ என்ற தொகையை விரித்தால் பசுமை இல்லத்தினது வாயு, அல்லது பசுமை இல்லத்தில் உள்ள வாயு என்றே விரியும். உவமைத்தொகை என்று சமாளிக்கவும் வழியில்லை. உவமைத்தொகையில் உவமை எதனோடு ஒட்டுகிறதோ, அதற்கும் உவமைக்கும் ஒப்புமை இருக்க வேண்டும். மலர்க்கண் என்றால் கண் மலரைப் போன்றது. இங்கே வாயு இல்லத்தைப் போன்றதன்று. உவமையை அப்படியே ஏற்றாலும், வாயுவுக்கு ஒப்பானது அந்த இல்லத்தின் கண்ணாடி. அந்தக் கண்ணாடியோ பெயரிலேயே இல்லை.

இரண்டாவது குற்றம், குழப்பம். ‘பசுமை இல்ல வாயுக்களைக் குறைத்துப் பசுமை ஆற்றலைப் பெருக்க வேண்டும்’ என்று ஒரே வாக்கியத்தில் எழுதுகிறார்கள். ஒரு பசுமையைக் குறைத்து இன்னொரு பசுமையைப் பெருக்குவதாம்! நன்மைக் குறிப்பு நிறைந்த ஒரு சொல்லை, உலகைச் சூடாக்கும் பொருளின் நெற்றியில் ஒட்டிவிட்டு, மக்களுக்குப் புவி வெப்பமாதல் புரியவில்லை என்று வருந்துவதில் பயனில்லை.

மூன்றாவதாக, நாம் நகலெடுத்த ஆங்கிலச் சொல்லே குறையுடையது. குளிர்காலத்தில் பசிய செடிகளைக் காக்கும் கண்ணாடிக் கூடம் என்பதால் ஆங்கிலேயர் அப்பெயர் வைத்தனர். பிரெஞ்சுக்காரர்கள் இதே விளைவைச் சொல்லும்போது ‘செர்’, அதாவது அடைப்பிடம், என்கிறார்கள். ஜெர்மானியர் செடியை விரைந்து வளரச்செய்யும் வீடு என்கிறார்கள். ஸ்பானியர் குளிர்கால வீடு என்கிறார்கள். இவற்றில் ஒன்றிலும் பச்சை இல்லை. போதாக்குறைக்கு, கண்ணாடிக் கூடம் சூடாக இருப்பதற்கு முதன்மைக் காரணம், உள்ளே சூடான காற்று மேலெழுந்து வெளியேற முடியாமல் அடைபடுவதுதான் என்று 1909-இலேயே அமெரிக்க இயற்பியலாளர் இராபர்ட் வுட் சோதனை செய்து காட்டினார். வளிமண்டலத்தில் நடப்பது வேறு: தரையிலிருந்து கிளம்பும் அகச்சிவப்புக் கதிர்களை வாயுக்கள் உறிஞ்சி, ஒரு பகுதியைத் திரும்பத் தரைக்கே அனுப்புகின்றன. பொருந்தாத ஓர் உவமையின் பொருந்தாத ஓர் அடைமொழியை மட்டும் பொறுக்கியெடுத்து நாம் பத்திரப்படுத்தியிருக்கிறோம்.

மாற்றுச் சொற்கள் வந்ததுண்டு. இலங்கையில் வழங்கும் ‘பச்சைவீட்டு விளைவு’ எளிய சொற்களால் ஆனதுதான், ஆனால் கேட்டவுடன் பச்சை வண்ணம் பூசிய வீடுதான் நினைவுக்கு வரும். தனித்தமிழ் அன்பர்கள் ‘பசுங்குடில் வளிமம்’, ‘பைங்குடில் வளி’ என்கிறார்கள். வாயு வடசொல் என்பது அவர்கள் கவலை. அந்தக் கவலையை நான் மதிக்கிறேன்; ஆயினும் சொல்லின் சாதியைப் பார்த்தவர்கள் அதன் பொருளைப் பார்க்கவில்லை. ஆங்கிலத்துக்கு அடிமையான ஒரு தொகையைத் தூய தமிழெழுத்துகளில் எழுதியதால் அது தமிழாகிவிடாது. அதோடு, பசுங்குடிலுக்கும் பசுக்குடிலுக்கும் இடையே இருப்பது ஒரே ஒரு மெய்யெழுத்து. மாடுகளின் சாண எரிவாயு பற்றிய பாடம் என்று ஒரு மாணவர் நினைத்துவிட்டால், மீத்தேன் விஷயத்தில் அவர் முழுத் தவறும் செய்யவில்லை. செடி வளர்க்கும் கூடத்துக்குத் தோட்டக்கலைத் துறையினர் வழங்கும் பசுமைக்குடில் என்ற பெயரில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. அது உண்மையான குடில். உள்ளே பசுமை இருக்கிறது.

வாயுவுக்கு நான் முன்வைக்கும் பெயர் வெப்பந்தேக்கி வாயு, விளைவுக்கு வெப்பத்தேக்கம். நீர்த்தேக்கம் நமக்குப் பழகிய சொல்லாதலால் இதற்கு அகராதி வேண்டாம். ஏரியில் நீர் தேங்குகிறது, ஆனால் மதகு வழியே வெளியேறிக்கொண்டும் இருக்கிறது. மட்டம் மட்டும் உயர்ந்து நிற்கிறது. வளிமண்டலத்தில் வெப்பத்துக்கும் இதுதான் நேர்கிறது. இந்த ஒப்புமையும் புதிதன்று. நீராவியும் கரியமில வாயுவும் வெப்பக் கதிர்களை உறிஞ்சுவதை 1859-இல் அளந்து காட்டிய இயற்பியலாளர் ஜான் டிண்டலே, ஆற்றின் குறுக்கே கட்டிய அணை நீர்மட்டத்தை உயர்த்துவதைப் போல வளிமண்டலம் தரையின் வெப்பநிலையை உயர்த்துகிறது என்று 1860-களில் எழுதினார். கண்ணாடி வீட்டுக்குப் பதில் டிண்டலின் அணை நிலைபெற்றிருந்தால் நமக்கு இந்தத் தொல்லையே வந்திருக்காது. ‘பாடநூலில் ஏறிவிட்ட சொல்லை இனி எப்படி மாற்றுவது’ என்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: பிராணவாயுவும் பாடநூலில் இருந்ததுதான், இன்று அங்கே ஆக்சிஜன் இருக்கிறது. எவரும் மூச்சுத் திணறவில்லை.

‘கிரீன்’ வந்த எல்லா இடத்திலும் பச்சையை விரட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இந்திய அரசு 2023-இல் ஒப்புதல் தந்த திட்டத்தால் பரவிய ‘பசுமை ஹைட்ரஜன்’ நேர் எதிரான குழப்பம். அங்கே நிறம் வெறும் அடையாளக் குறி: இயற்கை எரிவாயுவிலிருந்து எடுத்துக் கரியமில வாயுவைக் காற்றில் விட்டால் சாம்பல், அதைப் பிடித்து அடைத்தால் நீலம், புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தால் நீரைப் பகுத்து எடுத்தால் பச்சை. மற்ற இரண்டையும் நிறமாகவே விட்டுவிட்டு, மூன்றாவதை மட்டும் பசுமை என்று பண்பாக்குவது விளம்பரம். நீல ஹைட்ரஜனுக்குப் பக்கத்தில் பச்சை ஹைட்ரஜன் என்றே எழுத வேண்டும்.

தேநீரில் மட்டும் பச்சை இரட்டிப்பாகப் பொருந்துகிறது. பறித்த இலையை உடனே சூடாக்கி, ஆக்சிஜனேற்றத்தால் கறுத்துப்போகாமல் தடுத்து எடுப்பது என்பதால், நிறத்தாலும் மாறாத நிலையாலும் அது பச்சைத் தேநீர்தான். இலைக்கு மட்டும் ‘பசுந்தேயிலை’ என்று எழுதிவிடக் கூடாது. நீலகிரியில் தோட்டத்திலிருந்து பறித்துத் தொழிற்சாலைக்கு அனுப்பும், இன்னும் பதப்படுத்தாத கொழுந்துக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. கடைசியில் அது எந்த வகைத் தூளாக ஆனாலும், பறிக்கும்போது பசுந்தேயிலைதான்.