பெரிய கருதா, நிறைய கருதா?

பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பிக்கும் சௌசௌ பந்தலுக்கும் நடுவே ஐந்து சென்ட், பத்து சென்ட் மக்காச்சோளம் போடுகிறவர்கள், விதைக்கு நாலைந்து கருதை (கதிரை) எடுத்து வைத்தால் போதும் என்று நினைப்பதுண்டு. இருப்பதிலேயே பெரிதாகப் பார்த்து, தோலை முடிந்து அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிடுகிறார்கள். ஐந்து கருதில் ஆயிரத்து ஐந்நூறு முத்துக்கு (மணிக்கு) குறையாது. 60க்கு 25 செ.மீ. இடைவெளியில் ஒரு சென்டுக்குச் சுமார் 270 செடிதான் என்பதால் ஐந்து சென்டுக்கு அது தாராளம். விதை போதும், தாய்ச்செடிதான் போதாது. சில வருஷம் கழித்துத் தட்டை சன்னமாகி, கருது சிறுத்து, செடிக்குச் செடி உயரம் மாறும்போது பழி மண்ணின் மேல் விழுகிறது.

பீன்ஸ், பட்டாணி எல்லாம் தன் மகரந்தத்திலேயே காய்ப்பவை. ஒரே நல்ல செடியில் விதை எடுத்தாலும் வீரியம் குறையாது. மக்காச்சோளம் அப்படியில்லை. ஆண்பூ உச்சியில், கருது நடுத்தண்டில். மகரந்தம் முதலில் கொட்டும், கருதின் நூல் இரண்டொரு நாள் பிந்தி வரும். அதனால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முத்து காற்றில் வந்த அயல் மகரந்தத்தில் உண்டாவது. இப்படிக் கலந்தே வாழ்ந்த பயிரில் கெட்ட மரபணுக்கள் நல்லவற்றின் நிழலில் ஒளிந்தே தங்கிவிடும். தாய்வழியும் தந்தைவழியும் ஒரே கெட்ட மரபணு சேரும்போதுதான் குறை வெளியே தெரியும். உறவுக்குள் கலப்பது அந்த வாய்ப்பைக் கூட்டுகிறது.

கணக்கு இதுதான். ஒரே கருதின் விதையை மட்டும் போட்டால், வயல் முழுக்க ஒரு தாய் மக்கள். அவற்றுக்குள் கலந்து வரும் விதையில் உறவுக்கலப்பு, அதாவது ஒரே மூதாதையின் ஒரே மரபணு இருவழியிலும் வந்து சேரும் வாய்ப்பு, 12.5 சதவீதம். ஐந்து கருது என்றால் போகத்துக்குச் சுமார் 2.5 சதவீதம், ஐம்பது கருது என்றால் கால் சதவீதம். ஐந்து கருதிலேயே பத்துப் போகம் ஓட்டினால் 22 சதவீதத்தைத் தாண்டும். தாயும் தந்தையும் ஒன்றேயான கூடப்பிறந்தவற்றைக் கலந்தால் வருவது 25.

முதலில் அடிவாங்குவது பூக்கும் காலம். உறவுக்கலப்பு ஏறிய செடியில் நூல் வெளிவருவது பிந்தும். அதற்குள் மகரந்தம் தீர்ந்திருக்கும். ஒரு நூலுக்கு ஒரு முத்து, நூலுக்கு மகரந்தம் எட்டவில்லையென்றால் முத்து இல்லை. தோலை உரித்தால் பல் விழுந்த வாய் மாதிரி இடைவெளி. மலையில் இது இன்னும் மோசம், ஏனென்றால் பனிமூட்டத்தில் நனைந்த ஆண்பூ காயும்வரை மகரந்தம் கொட்டாது.

நாற்றுப் பருவத்தில் ஒருசில செடி முழுவெள்ளையாக முளைத்து, விதையிலிருந்த சத்து தீர்ந்ததும் செத்துப்போனால் அது மரபுக்குறை. வெள்ளையைப் பிடுங்கிவிட்டால் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். அதே மரபணுவை மறைத்து வைத்திருக்கும் பச்சைச் செடிகள் பக்கத்திலேயே நிற்கும். குளிரில் இலை ஊதாவாவது வேறு, அது பெரும்பாலும் வெயில் வந்ததும் தெளியும். அடி இலை நுனியிலிருந்து நடுநரம்பு வழியே மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு.

விதைக்கு ஐம்பது கருதாவது, முடிந்தால் நூறு. களத்தில் குவித்த பிறகு பொறுக்காமல், நிற்கும் செடியிலேயே அடையாளம் கட்ட வேண்டும். வரப்போரச் செடியிலும் பக்கத்துச் செடி செத்த இடத்திலும் கருது பெருப்பது வெளிச்சத்தாலும் உரத்தாலும்தான், மரபால் அல்ல. ஓரத்து இரண்டு வரிசையை விட்டுவிடுங்கள். ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையில் மகரந்தம் கொட்டுமுன் ஆண்பூவை உருவிவிட்டு, உருவிய செடியில் மட்டும் விதை எடுத்தால் தன்மகரந்தம் அறவே இல்லை. ஒவ்வொரு கருதிலும் நடுப்பகுதியிலிருந்து ஒரே அளவு முத்து, ஐம்பது கருதுக்குத் தலா முப்பது போதும். பெரிய கருதிலிருந்து கூடுதலாக எடுத்தால் பழைய கதைதான். ஈரம் 12 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை காயட்டும்.

ஐந்து சென்டுக்காரருக்கு ஐம்பது கருதை விதைக்கு ஒதுக்குவது கசக்கும். நாலைந்து குடும்பம் சேர்ந்து ஆளுக்குப் பத்துப் பதினைந்து கருது போட்டு, உதிர்த்துக் கலந்து பங்கிட்டால் சுமை தெரியாது.

ஏற்கெனவே சீரழிந்த விதையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. 1908இல் ஜார்ஜ் ஷல் என்ற அமெரிக்கர், தொடர்ந்து தன்மகரந்தம் ஏற்றி நலிந்துபோன இரண்டு வம்சங்களைக் கலந்தபோது வீரியம் ஒரே தலைமுறையில் திரும்புவதைக் காட்டினார். வீரிய ஒட்டு விதைக்கு வழி திறந்தது அதுதான். நமக்கு வேண்டியது இன்னொரு ஊரில் தனியாகப் பேணிய அதே நாட்டு ரகம். இரண்டையும் மாற்று வரிசையில் நட்டு, ஒன்றின் ஆண்பூவை உருவி, அதில் விதை எடுங்கள். அடுத்த போகத்திலிருந்து ஐம்பது கருது முறை.

கடையில் வாங்கிய ஒற்றை ஒட்டு ரகத்துக்கு (இரண்டு வம்சங்களை மட்டும் கலந்த வீரிய ஒட்டு) இது எதுவும் செல்லாது. அங்கே எல்லாச் செடியும் ஒரே அச்சு. ஐம்பதென்ன, ஐந்நூறு கருதில் எடுத்தாலும் அடுத்த போகத்திலேயே கலப்பு வீரியத்தில் பாதி போய்விடும். அதற்கு ஒவ்வொரு தடவையும் புது விதைதான்.