டி லெவல்: சேர்வதற்கு முன் காலேஜிடம் கேட்க வேண்டியது

ஏ.எல்., அதாவது ஏ லெவல், என்றால் நம் வீடுகளில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. டி லெவல் அப்படியில்லை. 2020 செப்டம்பரில் மூன்றே பாடங்களோடு தொடங்கிய தொழில்சார் படிப்பு இது. இங்கிலாந்தில் மட்டும்தான் உண்டு. இயர் 11 முடிவில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. பரீட்சை முடித்த 16 வயதுப் பிள்ளைக்கு இரண்டு வருடம். மூன்று ஏ லெவலுக்குச் சமமான ஒற்றைச் சான்றிதழ். 16 முதல் 18 வயதுவரை சேர்பவர்களுக்குக் கட்டணம் இல்லை. முழுநேரப் படிப்பு என்பதால், பிள்ளைக்காகப் பெற்றோருக்கு அரசு தரும் சைல்ட் பெனிஃபிட்டும் நிற்காது.

அப்ரென்டிஸ்ஷிப்போடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர். அப்ரென்டிஸ் ஒரு நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை செய்துகொண்டு நடுவே படிப்பவர். டி லெவல் மாணவருக்குச் சுமார் 80 சதவீத நேரம் வகுப்பறை, 20 சதவீதம் வேலையிடம். அங்கே சம்பளம் கொடுக்க வேண்டிய கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை, சிலர் கொடுக்கிறார்கள்.

சிக்கல் வருவது பெரும்பாலும் அந்த 20 சதவீதத்தில்தான். குறைந்தது 315 மணிநேரம் வேலைப் பயிற்சி முடிந்திருக்க வேண்டும். சிறு குழந்தைகள் பராமரிப்புப் பிரிவில் அது 750 மணிநேரம். பரீட்சையில் எவ்வளவு நல்ல மார்க் வந்தாலும், பயிற்சி முடியாவிட்டால் முழுச் சான்றிதழ் கிடையாது. முடித்த பகுதிகளைக் குறிப்பிடும் ஒரு தாள்தான் கையில் வரும். அதற்கு யூகாஸ் புள்ளிகள் (பல்கலைக்கழக விண்ணப்பத்தில் கணக்கிடப்படும் புள்ளிகள்) இல்லை.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு 7 மணிநேரம் என்றால் 315 மணிக்கு 45 நாள். வாரம் ஒரு நாள் அனுப்பும் காலேஜில், 38 வாரக் கல்வியாண்டு முழுதும் ஒரு நாள்கூட விடாமல் போனாலும் 266 மணிதான் சேரும். மீதி 49 மணி, அதாவது 7 முழு நாள், அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போகும். இடையில் காய்ச்சல், ரயில் வேலைநிறுத்தம் என்று வந்தால் இன்னும் கூடும். ஆகவே ஓப்பன் டே அன்று கட்டிடத்தைச் சுற்றிப் பார்ப்பதைவிட முக்கியமான கேள்விகள் இவை: போன வருடம் இந்தப் பாடத்தில் பிள்ளைகளை எந்த நிறுவனங்களுக்கு அனுப்பினீர்கள்? வாரம் ஒரு நாளா, ஒரேயடியாகச் சில வாரங்களா? இடத்தை நீங்கள் தேடித் தருவீர்களா, பிள்ளையே தேட வேண்டுமா? பதில் மழுப்பலாக இருந்தால் வேறு காலேஜையும் பாருங்கள். பயிற்சி, படிக்கும் துறையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். டிஜிட்டல் படிக்கும் பிள்ளை சனிக்கிழமை கடையில் கல்லாவில் நிற்பது கணக்கில் வராது.

போக்குவரத்துச் செலவு பாரமாக இருந்தால் 16–19 பர்சரி என்ற உதவி நிதிக்குக் காலேஜிலேயே விண்ணப்பிக்கலாம். பலர் கேட்பதே இல்லை.

பல்கலைக்கழகம் போக முடியுமா? முடியும். மிக உயர்ந்த கிரேடான டிஸ்டிங்ஷன் ஸ்டாருக்கு 168 யூகாஸ் புள்ளி. மூன்று ஏ ஸ்டாருக்குச் சமம். டிஸ்டிங்ஷன் 144, மெரிட் 120. பாஸ் மட்டும் இரண்டு வகை: கோர் எனப்படும் பொதுப் பகுதியில் சி அல்லது அதற்கு மேல் எடுத்தால் 96, டி அல்லது ஈ என்றால் 72. ஆனால் புள்ளி இருப்பதும் இடம் கிடைப்பதும் ஒன்றல்ல. மருத்துவப் படிப்புக்குப் பெரும்பாலும் ஏ லெவல் கெமிஸ்ட்ரி கேட்பார்கள். பிள்ளை டாக்டராக வேண்டும் என்று வீட்டில் கனவிருந்தால், ஹெல்த் டி லெவல் அதற்குக் குறுக்குவழி என்று நினைத்துவிடாதீர்கள். எந்தப் படிப்பானாலும், குறிவைத்திருக்கும் பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தில் டி லெவல் என்று பெயர் சொல்லி ஏற்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.

இயர் 11 இலையுதிர் காலத்திலேயே விண்ணப்பம் தொடங்கிவிடும். எத்தனை ஜி.சி.எஸ்.இ., எந்த கிரேடு என்பதை ஒவ்வொரு காலேஜும் தானே முடிவுசெய்கிறது. ஜி.சி.எஸ்.இ. ஆங்கிலத்திலோ கணக்கிலோ கிரேடு 4 வராத பிள்ளை சேர்ந்தாலும் அந்தப் பாடத்தைக் கூடவே தொடர்ந்து படிக்க வேண்டும். வார அட்டவணையில் அதற்கும் இடம் விட்டுப் பாருங்கள்.