பகுத்தறிவு: ஒரு சொல்லின் வேரும் வழியும்

யாழ்ப்பாணத்தில் ஒருவரைப் பற்றி “அவர் பகுத்தறிவுக்காரர்” என்று சொன்னால், அவர் திருநீறு பூசமாட்டார், திருவிழாவுக்குக் காசு கொடுக்கமாட்டார், தன் வீட்டுச் செத்தவீட்டுக்குக் குருக்களைக் கூப்பிடமாட்டார் என்றுதான் கேட்பவர் விளங்கிக்கொள்கிறார். அவர் ஒரு செய்தியை எப்படி ஆராய்கிறார், கேட்டதையும் கண்டதையும் எப்படி வேறாக்குகிறார் என்பது பற்றி அந்தச் சொல் இப்போது எதையும் சொல்வதில்லை. ஒரு வினையைக் குறிக்கப் பிறந்த சொல் ஒரு கூட்டத்தாரின் அடையாளமாகச் சுருங்கிவிட்டது. இதை நான் பெரிய இழப்பாகவே கருதுகிறேன். அந்த வினையைக் குறிக்க இதைவிடத் துல்லியமான சொல் நம்மிடம் இல்லை.

சொல்லின் முற்பகுதி ‘பகு’ என்னும் வினையடி. பிரித்தல், பங்கிடுதல், வேறுபடுத்துதல் என்பன அதன் பொருள்கள். பகுதி என்ற சொல் அதிலிருந்து வந்தது என்பதை எவரும் எளிதாகக் காண்பர்; பகல் என்ற சொல்லும் அதே வேரைச் சேர்ந்தது என்பதைக் காண்பதற்குச் சற்று நின்று பார்க்கவேண்டும். பழந்தமிழில் பகல் என்பது வெளிச்சமுள்ள பொழுதை மட்டும் குறிக்கவில்லை. மாட்டின் நுகத்தடியை இரு சமபாகமாக வகுத்து நடுவில் நிற்கும் ஆணியையும் குறித்தது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் நடுநிலையைப் புகழும் பட்டினப்பாலை, “நெடுநுகத்துப் பகல்போல” அவர்கள் நடுவுநின்றார்கள் என்கிறது. வள்ளுவர் “பகுத்துண்டு பல்லுயிர் ஓம்புதல்” என்னும்போது அதே வினை சோற்றுக்கு வருகிறது. ஆகவே பகுத்து அறிதல் என்பது, கலந்து கிடக்கும் ஒன்றைக் கூறுகூறாக வைத்து, ஒவ்வொரு கூற்றையும் அதனதன் நிறையில் அறிதல்.

ஆங்கிலத்தின் றேஷனல் என்ற சொல்லும் ஏறக்குறைய இதே தடத்தில் வந்தது. அதன் மூலம் இலத்தீனின் ‘றாற்றியோ’. எண்ணுதல், கணக்கிடுதல், விகிதம் பார்த்தல் என்பன அதன் முதற்பொருள்கள். அதே மூலத்திலிருந்துதான் றேஷன் என்ற சொல்லும் பிறந்தது. நம் நாட்டில் அதற்கு வழங்கும் தமிழ் பங்கீடு. படிவங்களில் இன்றும் பங்கீட்டு அட்டை இலக்கம் என்று கேட்கிறார்கள். பங்கு என்பதும் பகு என்ற வேரிலிருந்து வந்ததே என்று தமிழ்ச் சொல்லாராய்ச்சியாளர் பலர் கொள்வர். அப்படியானால், ஐரோப்பாவில் ஒரே வேரில் கிளைத்த இரண்டு கருத்துகள் தமிழிலும் ஒரே வேரில் கிளைத்திருக்கின்றன.

இந்த உறவு எனக்குப் புத்தகத்தில் தெரியவரவில்லை. 1990களில், மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில், சங்கக்கடையில் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற பிள்ளைகளில் நானும் ஒருவன். கடைக்காரர் முதலில் அட்டையைத் திறந்து எத்தனை பேர் என்று பார்ப்பார். பிறகு அளவுப் பாத்திரத்தை நிரப்பி, நுரை அடங்கும்வரை பொறுத்து, புனலால் நம் போத்தலுக்குள் ஊற்றுவார். முகத்தைப் பார்த்து ஒரு சொட்டுக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. யாருடைய பிள்ளை என்பதை விட்டு எத்தனை பேர் என்பதை மட்டும் பார்த்த அந்தச் செயல், பங்கீடாகவும் பகுத்தறிவாகவும் ஒரே நேரத்தில் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

“எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும் அப்பொருள் மெய்ப்பொருள் காண்ப தறிவு” என்ற குறளும் இதையே செய்கிறது. அது சொல்பவரை ஒரு பக்கமும் சொல்லப்பட்ட பொருளை மறுபக்கமும் பிரித்து வைக்கச் சொல்கிறது. “எப்பொருள் எத்தன்மைத் தாயினும்” என்று தொடங்கும் மற்றக் குறள் தோற்றத்தையும் உண்மையையும் பிரிக்கிறது. இரண்டிலும் பகுத்தறிவு என்ற சொல் இல்லை, வினை இருக்கிறது. இங்கே ஒரு பரவலான பிழையையும் திருத்தவேண்டும். ஆறாவது அறிவு பகுத்தறிவு என்று தொல்காப்பியம் சொல்வதாகப் பட்டிமன்றங்களில் அடிக்கடி கேட்கிறோம். மரபியல் சொல்வது “ஆறறி வதுவே அவற்றொடு மனனே” என்பதுதான். மனம் என்பதைப் பகுத்தறிவு என்று விளக்குவது பிற்காலத்தார் கொண்ட பொருள். அதைத் தொல்காப்பியர் சொன்னதாகச் சொல்வது, நூலையும் விளக்கத்தையும் பகுக்காமல் விடுவதாகும்.

பழைய தமிழில் இந்தத் துறைக்கு வழங்கிய பெயர் அளவை. ஒரு பொருளை அறிந்தோம் என்று சொல்ல எந்த வழியால் அறிந்தோம் என்று காட்டவேண்டும். அந்த வழிகளே அளவைகள். சிவஞானசித்தியார் அவற்றைப் பலவாக எண்ணிக் காட்டிவிட்டு, காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் எல்லாம் அடங்கும் என்கிறது. கண்ணால் கண்டது, கண்டதிலிருந்து ஊகித்தது, நம்பத்தக்கவர் சொன்னது. சைவ சித்தாந்தத்தைப் போற்றும் யாழ்ப்பாணத்தில், ‘அறிந்தது எப்படி?’ என்ற கேள்வி சமய நூலின் வாசலிலேயே நிற்கிறது என்பதை நாம் அதிகம் நினைப்பதில்லை. இன்றும் உயர்தர வகுப்பில் ‘அளவையியலும் விஞ்ஞான முறையும்’ என்ற பாடத்தை நம் மாணவர்கள் படிக்கிறார்கள். தர்க்கம் என்ற வடசொல்லுக்கு ஏரணம் என்ற சொல்லைச் சிலர் ஆளுகிறார்கள். ஆயினும் பள்ளிக்கூடத்தில் உயிரோடு வழங்கும் அளவையியலே நமக்குப் போதும்.

மணிமேகலை இன்னும் விரிவாகப் போகிறது. மலையில் புகை கண்டு நெருப்பை ஊகிப்பதற்கு அடுக்களையை எடுத்துக்காட்டாகத் தரும் அந்த நூல், அளவைகளைப் பத்தாக எண்ணும் ஒரு வாதியின் கூற்றில் ஐதிகம் என்பதையும் சேர்க்கிறது. அதற்கு அது தரும் உதாரணம், இந்த மரத்தில் ஒரு பேய் உண்டு என்று உலகம் சொல்வதைக் கொண்டு தெளிதல். எங்கள் ஒழுங்கை முடிவில் நின்ற புளியமரத்தைப் பற்றி என் அம்மம்மா சொன்னதும் அதுவேதான். இன்று ஐதீகம் என்று நாம் எழுதும் சொல் அந்த அளவையின் பெயர். அது உண்மை என்றோ பொய் என்றோ சொல்லவில்லை, எந்த வழியால் வந்த செய்தி என்று மட்டும் சொல்கிறது. நயினாதீவே மணிமேகலை சென்ற மணிபல்லவம் என்று நாம் பெருமையோடு சொல்கிறோமே, அதையும் எந்த அளவையின் கீழ் வைக்கிறோம் என்று சொல்லிவிட்டால் பெருமைக்குக் குறைவு வராது.

அதே நூல், அளவை போலத் தோன்றி அளவையாகாதவை எட்டைக் குறிப்பிடுகிறது. அவற்றுள் ஒன்று ‘தேராது தெளிதல்’: வெளியில் நடப்பட்ட தறியை, ஆராயாமல், மனிதன் என்று முடிவுசெய்தல். தறியோ மனிதனோ என்று நிற்பது ஐயம். மனிதன்தான் என்று பாய்வது தேராது தெளிதல். வேலிக் கதியால்களுக்கு நடுவே, ஜாம்போத்தல் விளக்கோடு இரவில் நடந்து வளர்ந்தவர்களுக்கு இந்த உதாரணத்தை விளக்கத் தேவையில்லை.

பகுத்தறிவு என்ற சொல் இன்றைய கொள்கைப் பெயராக நிலைபெற்றது தமிழ்நாட்டில் சுயமரியாதை இயக்கத்தின் வழியாக. பெரியார் 1934இல் அந்தப் பெயரிலேயே ஒரு பத்திரிகை தொடங்கினார். இலங்கையில் அதனோடு சேர்ந்து நினைவுக்கு வருபவர் ஆபிரகாம் கோவூர். கேரளத்தில் பிறந்து 1928இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்குத் தாவரவியல் கற்பிக்க வந்த அவர், பின்னாளில் இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவராக இருந்தார். மோசடிக்கு இடமில்லாத நிலைமையில் அற்புத ஆற்றலைக் காட்டுபவருக்கு ஒரு இலட்சம் ரூபா தருவதாக அவர் 1963இல் அறிவித்தார். 1978இல் அவர் இறக்கும்வரை அதை எவரும் வெல்லவில்லை. இவர்கள் இருவரும் கடவுள் மறுப்பாளர்கள் என்பதால் சொல்லும் கடவுள் மறுப்பாகிவிட்டது. ஆனால் கோயில்களில் உயிர்ப்பலி கொடுப்பதை ஆறுமுக நாவலர் கண்டித்தபோது, வழக்கத்தையும் சமயத்தையும் அவர் பகுத்தார். அதே நாவலர் சாதி வேறுபாட்டைப் பகுத்துப் பார்க்கவில்லை. பகுத்தறிவு ஒரு மனிதரின் நிலையான உடைமை அன்று. ஒரே மனிதர் ஒன்றில் செய்வார், இன்னொன்றில் செய்யமாட்டார்.

யாழ்ப்பாணத்துப் பேச்சு இந்த வினையைச் சந்தேகத்தோடுதான் பார்க்கிறது. பிள்ளை ‘ஏன்’ என்று இரண்டாம் முறை கேட்டால் “சும்மா நியாயம் பிளக்காதை” என்பார்கள். பிளத்தலும் பகுத்தலும் ஒரே செயல்தான். ஒன்று ஏச்சாகவும் மற்றது புகழாகவும் நிற்கிறது. “விண்ணாணம் கதையாதை” என்பது இன்னும் வருத்தம் தருவது. விண்ணாணம் என்பது விஞ்ஞானம் என்ற சொல்லே, பிராகிருதத்தின் வழியாக வந்து உருமாறியது. அறிவைக் குறித்த சொல் நம் வாயில் வீண்பேச்சு என்று பொருள்படும் நிலைக்கு வந்திருக்கிறது.

நாளாந்த வாழ்வில் இந்த வினை எப்படி நடக்கிறது என்பதற்குப் பஞ்சாங்கத்தைவிட நல்ல இடம் இல்லை. சித்திரைப் புத்தாண்டு வந்தால் நம் வீடுகளில் வாக்கியத்தின்படி ஒரு நேரமும் திருக்கணிதத்தின்படி இன்னொரு நேரமும் சொல்லப்படும். வாக்கியம் பழைய வாய்பாடுகளால் கணிப்பது. திருக்கணிதம் என்பதைத் ‘திரு’வோடு சேர்த்து மங்கலச் சொல்லாகப் பலர் எண்ணுகிறார்கள், அது வடமொழியின் ‘த்ருக்’, அதாவது பார்வை. வானத்தில் காண்பதோடு பொருந்தக் கணித்தது என்பதே அதன் பொருள். எது சரி என்பதைக் கிரகணம் தீர்த்துவைக்கும், ஏனெனில் அது காண்டல். அமெரிக்க மிசனரிமாரின் உயர்கல்விக்கூடமான வட்டுக்கோட்டைச் செமினரி 1823இல் தொடங்கியது. 1829இன் சந்திரகிரகணத்தைப் பஞ்சாங்கக்காரரும் செமினரியாரும் தனித்தனியே கணித்தபோது, செமினரியின் கணிப்பே வானத்தோடு பொருந்தியது. ஆனால் அதைக்கொண்டு சைவமே பொய் என்று காட்ட மிசனரிமார் முற்பட்டது பகுத்தறிவு ஆகாது. நேரக்கணிப்பில் வந்த பிழை நேரக்கணிப்பின் பிழைதான்.

2019 டிசம்பர் 26ஆம் திகதி காலை குடாநாட்டின் மேல் வளையச் சூரியகிரகணம் தெரிந்தது. எங்கள் முற்றத்து மாமரத்தின் கீழ், இலை இடுக்குகளால் விழுந்த ஒவ்வொரு வெளிச்சப் பொட்டும் சிறு வளையமாக மணலில் கிடந்தது. அடுத்த வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சி, யன்னலைச் சீலையால் மறைத்த அறைக்குள், விடியச் சாப்பிட்டதோடு இருந்தாள். கிரகணத்தை வெறும் கண்ணால் பார்த்தால் விழித்திரை கெடும் என்பது உண்மை. நிழல் பட்டால் வயிற்றுப் பிள்ளைக்கு ஊனம் வரும் என்பது உண்மையன்று. இரண்டும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டு வந்ததால், முதலாவதின் உண்மை இரண்டாவதற்கும் கடன் போயிருக்கிறது. அவற்றைப் பிரித்து, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விடுவதே இந்தச் சொல் கேட்கும் வேலை.

சமூக வழக்குகளில் இந்த வேலை கடினமானது. சாதியைக் காட்டி ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இலேயே வந்துவிட்டது. இருந்தும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட மக்கள் நின்றபோது, அவர்களைத் தடுத்தவர்களின் முன்னணியில் நின்றவர் கணிதப் பேராசிரியராக இருந்த சி. சுந்தரலிங்கம். கணக்கு அறிந்தவர் அந்த வாசலில் கணக்குப் பார்க்கவில்லை. தடுத்தவர்கள் தரப்பில் தூய்மை, வழக்கம், ஆகமம் என்ற மூன்றும் ஒன்றாகவே கட்டிப் பேசப்பட்டன. அவற்றைப் பகுத்தால், தூய்மை என்பது குளித்து வந்தவர் எவருக்கும் உண்டு. வழக்கம் என்பது நெடுநாள் நடந்ததைச் சொல்லும், நடக்கவேண்டியதைச் சொல்லாது. ஆகமம் என்பது உரை, யார் அதை எப்படி உரைக்கிறார் என்று கேட்கலாம். மூன்றும் கட்டாக இருந்தவரை மறுமொழி இல்லாததுபோல் இருந்தது.

மூடநம்பிக்கை என்ற சொல்லை நான் கூடியவரை தவிர்க்கிறேன். ‘மூட’ என்பது அறிவிலியைக் குறிக்கும் வடசொல். தமிழ்க் காதுக்கு அது மூடுதலாகவும் கேட்பதால் பொருத்தமாகத் தோன்றினாலும், அது செயலை விட்டு ஆளைத் தாக்குகிறது. அதற்கு நேரான தமிழ் மணிமேகலையின் தேராது தெளிதலே. வள்ளுவரும் “தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும்” என்று இரு பக்கத் தவற்றையும் ஒரே அடியில் வைத்திருக்கிறார். தேராத் தெளிவு என்று அதைப் பெயராக்கி வழங்கலாம். றேஷனல் என்று வரும் இடமெல்லாம் பகுத்தறிவு என்று போடவும் கூடாது: எண்ணுக்கு நம் பாடநூல்கள் விகிதமுறும் எண் என்று சரியாகவே சொல்கின்றன, கோரிக்கைக்கு நியாயமான என்பதே போதும், கொள்கைக்குப் பகுத்தறிவுவாதம்.

கலியாணப் பேச்சில் இந்தச் சொல் வேறுபாடு பயன்பட்டதை ஒருமுறை கண்டேன். என் பெரியம்மா, தன் மகனுக்கு வந்த நல்ல சம்பந்தம் ஒன்றை, பெண்ணின் குறிப்பில் எட்டில் செவ்வாய் என்பதற்காகத் தள்ள நினைத்தார். அது மூடநம்பிக்கை என்று மருமகன் சொன்னதும் அவர் எழுந்து குசினிக்குள் போய்விட்டார். பிறகு நான் அந்தக் குறிப்பையே எடுத்துக்கொண்டு போய் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். “தேர்ந்து பாப்பம் பெரியம்மா” என்று, இலக்கினக் கட்டத்தில் விரலை வைத்து, செவ்வாய்க் குற்றம் என்று சொல்லப்படும் 2, 4, 7, 8, 12 ஆகிய இடங்களை எண்ணிப் புள்ளி போட்டேன். பன்னிரண்டு கட்டங்களில் ஐந்தில் புள்ளி. இலக்கினம் ஒரு நாளுக்குள் பன்னிரண்டு இராசிகளையும் சுற்றிவிடுவதால், எந்த நாளிலும் ஏறத்தாழ பத்து மணித்தியாலத்தில் பிறக்கும் பிள்ளைகள் அனைவருக்கும் இந்தக் குற்றம் வரும். சாத்திரிமார் விதிவிலக்குகள் பலவற்றைச் சொல்லிக் கழிப்பதும் அதனால்தான் என்றேன். “அப்ப பன்னிரண்டு பேரிலை அஞ்சு பேருக்கோ?” என்று கேட்டார். “எதுக்கும் பாத்துச் செய்வம்” என்றும் சொன்னார். பிறகு அலுமாரியைத் திறந்து, தன்னுடையதும் பெரியப்பாவுடையதுமான பழைய குறிப்புகளை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கட்டங்களை எண்ணத் தொடங்கினார்.